ரோடு போட்டால் துப்பாக்கி வெடிக்கும் ஊர்

கடலூரில் புதுச்சேரி பஸ் ஏறுகிறவர்களுக்கு இது பழகிய வழி. ஆல்பேட்டை செக்போஸ்ட், பெண்ணையாற்றுப் பாலம், கங்கணாங்குப்பம் வரைக்கும் தமிழ்நாடு. முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கும். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் எல்லாம் அவர்கள் பக்கம். ரெட்டிச்சாவடியில் மறுபடியும் தமிழ்நாடு, தவளக்குப்பத்தில் மறுபடியும் புதுச்சேரி. இருபது சொச்சம் கிலோமீட்டருக்குள் மூன்று முறை அரசாங்கம் மாறுகிறது. ஜன்னலோரம் தூங்குகிறவருக்குத் தூக்கம்கூடக் கலையாது. சரக்கு விலை மாறும், பெட்ரோல் விலை மாறும், டிஎன் 31 வண்டிகளுக்கு நடுவே பிஒய் 01 தலைகாட்டும். அவ்வளவுதான்.

சோமாலியாவின் நடுப்பகுதியில் இருக்கும் கால்கயோவிலும் இப்படி ஒரு கோடு உண்டு. ஊரின் வடக்குப் பாதி புண்ட்லாந்து மாநில அரசின் கையில், தெற்குப் பாதி கல்முதுக் மாநில அரசின் கையில். இரண்டு மேயர், இரண்டு போலீஸ், இரண்டு வரி அலுவலகம். அங்கே வெளியாள் ஒருவர் வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டுமானால் கோட்டருகே வண்டியை நிறுத்தி, கூட வரும் ஆயுதக் காவலரையே மாற்றிக்கொள்ள வேண்டும். புண்ட்லாந்தின் சிறப்புப் பாதுகாப்புப் பிரிவு கோடு வரைக்கும்தான் வரும். அதற்கு அந்தப் பக்கம் தெற்கத்திக்காரர்களின் காவல். 2011 அக்டோபரில் கண்ணிவெடி அகற்றும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த வெளிநாட்டவர் இருவர் கடத்தப்பட்டது தெற்குப் பகுதியில்தான். மூன்று மாதம் கழித்து அமெரிக்கக் கமாண்டோக்கள் இரவில் இறங்கி அவர்களை மீட்டார்கள்.

ஒரு ஊருக்கு இரண்டு அரசு இருப்பதுதான் சிக்கல் என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அது மட்டும் காரணமென்றால் கடலூர் எல்லையோரம் புதுச்சேரிப் பக்கம் இருக்கும் பாகூர் எப்போதோ பற்றி எரிந்திருக்கும். கால்கயோவின் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்க்க, அங்கே நடந்த இரண்டு பெரிய சண்டைகள் எதற்காகத் தொடங்கின என்று பார்த்தால் போதும். 2015 நவம்பரில் தொடங்கியது ஒரு ரோட்டுக்காக. 2016 அக்டோபரில் தொடங்கியது ஓர் ஆட்டுச் சந்தைக்காக. இரண்டு தடவையும் பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே வேறு ஊர்ச் சண்டைகளுக்குத் தப்பி இங்கே வந்து துணிக்கூடாரங்களில் குடியிருந்தவர்கள்.

முதலில் கோடு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1991 ஜனவரியில் சியாத் பர்ரே ஆட்சி கவிழ்ந்ததும் கால்கயோவுக்காக இரண்டு ஆயுத இயக்கங்கள் மோதின. வடக்கே மஜெர்தீன் குலத்தாரை முதுகெலும்பாகக் கொண்ட எஸ்எஸ்டிஎஃப், தலைவர் அப்துல்லாஹி யூசுஃப். தெற்கே ஹபர் கிதிர் குலத்தார் பலமாக இருந்த யுஎஸ்சி, தலைவர் முகமது ஃபாரா ஐதீத். 1993 ஜூனில் இருவரும் முதுக் மாகாணச் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். படைகள் விலகின, சாலை திறந்தது, வியாபாரம் ஓடத் தொடங்கியது. ஆனால் ஊர் இரண்டாகவே நின்றுவிட்டது. 1998இல் அப்துல்லாஹி யூசுஃப் புண்ட்லாந்தை நிறுவியபோது வடக்குப் பாதி அதற்குள் போனது. தெற்கே 2006இல் கல்முதுக் உருவானது. கல்கதூத், முதுக் என்ற இரண்டு மாகாணப் பெயர்களை ஒட்டவைத்த பெயர் அது. அந்தப் பெயரே புண்ட்லாந்துக்கு எரிச்சல். முதுக்கில் பாதி எங்களிடம் இருக்க, முழுப் பெயரை நீ எப்படி வைத்துக்கொள்வாய் என்பது அவர்கள் கேள்வி. 2012இன் தற்காலிக அரசியல் சட்டப்படி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாகாணங்கள் விரும்பிச் சேர்ந்தால்தான் ஒரு மாநிலம். கல்முதுக் கையில் இருப்பது ஒன்றரை மாகாணம்தான், ஆகவே அது செல்லாது என்று புண்ட்லாந்து வாதாடியது.

ஆக, இது சர்வேயர் சங்கிலி பிடித்துப் போட்ட கோடு கிடையாது. குலங்களின் குடியிருப்பு எங்கே முடிகிறதோ அதுதான் கோடு. சோமாலிக் குழந்தைகள் அப்பா, தாத்தா, முப்பாட்டன் என்று தந்தைவழிப் பெயர்களை இருபது தலைமுறைக்கும் மேல் ஒப்பிக்கப் பழகுவார்கள். எதிரில் நிற்பவர் எத்தனையாவது பெயரில் நம்மோடு சேர்கிறார் என்பதை வைத்து அவர் அண்ணன் தம்பியா, பங்காளியா, அந்நியரா என்று முடிவாகும். போலீஸ் உடை போட்டவருக்கும் இதே கணக்குதான்.

இப்போது ரோட்டுக்கு வருவோம்.

நம்மூரில் நகராட்சி ரோடு போட்டால் கான்ட்ராக்டர் எவ்வளவு அடித்தார் என்று பேசுவோம். கால்கயோவில் முதல் கேள்வி, ரோடு போட உத்தரவு கொடுத்தது யார் என்பது. 1991க்கு முந்தைய நிலப் பதிவேடுகள் பெரும்பாலும் அழிந்துபோன நாட்டில் பட்டா, சிட்டா எதுவும் கைகொடுக்காது. எவர் அனுமதியில் கட்டடம் எழும்புகிறதோ, எவர் ஆள் வந்து வரி வசூலிக்கிறாரோ அவருக்குத்தான் மண் சொந்தம் என்று ஆகிவிடும். இன்றைக்கு ஜல்லி கொட்டவிட்டால் நாளை அதன் ஓரத்தில் கடை வரும், கடைக்குக் காவல் வரும், பத்து வருடத்தில் அது அவர்கள் தெரு. அதனால்தான் புல்டோசர் வந்த அன்றே எதிர்த் தரப்பு துப்பாக்கியோடு வந்து நிற்கிறது. 2015இல் புண்ட்லாந்து தொடங்கிய ரோட்டு வேலை தங்கள் எல்லைக்குள் நீள்கிறது என்று கல்முதுக் சொன்னது. சில நாட்களில் பிக்-அப் வண்டியின் முதுகில் கனரக இயந்திரத் துப்பாக்கி பொருத்திய ‘டெக்னிக்கல்’ வண்டிகள் ஊருக்குள் வந்துவிட்டன.

அடுத்த ஆண்டு கர்சூர் பகுதியில் கால்நடைச் சந்தை கட்டுவதாகப் புண்ட்லாந்து தரப்பு இறங்கியபோது இதே கதை இன்னும் உக்கிரமாக நடந்தது. சந்தை என்பது அங்கே சாதாரணக் கட்டடம் இல்லை. ஆடும் ஒட்டகமும்தான் அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதி. ஹஜ் காலத்துக்கு முன் சவூதிக்குக் கப்பல் கப்பலாக ஆடு போகும். சந்தை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரி. தண்ணீர், தீவனம், லாரி, சாப்பாட்டுக் கடை எல்லாமே அந்தப் பக்கம் போய்விடும். தரகர்களும் போய்விடுவார்கள், அது இன்னும் பெரிய இழப்பு. ‘தில்லால்’ எனப்படும் தரகர் விலை பேசுவதோடு நிற்பதில்லை. இந்த ஆடு திருட்டு ஆடு கிடையாது என்று பொறுப்பேற்பவரும் அவரே. விற்பவரின் குலம், குடும்பம் தெரிந்தால்தான் அந்தப் பொறுப்பை ஏற்க முடியும். நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேரம் பேசுவார்களே, அங்கேயும் அதே முறை உண்டு. கடல் தாண்டி இந்த வித்தை எப்படிப் போனது, அல்லது எங்கிருந்து வந்தது என்பது தனியாக ஆராய வேண்டிய சங்கதி.

நகரத்துக்கு வெளியே இதே சண்டையின் சின்ன வடிவம், பெர்காத். மழைநீரைப் பிடித்து வைக்கத் தரையில் தோண்டி சிமென்ட் பூசிய தொட்டி அது. மேய்ச்சல் நிலத்தில் ஒருவர் பெர்காத் கட்டினால் வறட்சியில் அதைச் சுற்றி நாலு குடிசை முளைக்கும். பிறகு டீக்கடை, பள்ளிவாசல், கிராமம். கிராமம் வந்தால் அந்தக் குலத்தின் நிலம். ஆகவே தண்ணீர்த் தொட்டி கட்டுகிறேன் என்று வரும் தொண்டு நிறுவனம் முதலில் விசாரிக்க வேண்டியது நிலத்தடி நீர் எவ்வளவு ஆழம் என்பதை அல்ல, அந்த இடத்தில் யாருடைய ஒட்டகங்கள் மேய்ந்துவந்தன என்பதை. இதை விட்டுவிட்டுக் கட்டிய தொட்டிகள் தண்ணீரைவிட அதிகமாகச் சாவைக் கொடுத்திருக்கின்றன.

சாவுக்கு என்ன தீர்வு என்பதில்தான் நம் எல்லைக்கும் அந்த எல்லைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. பாகூரில் வெட்டிவிட்டு ஒருவன் கடலூருக்குள் ஓடினால் புதுச்சேரி போலீஸ் துரத்திக்கொண்டு வரலாம், சட்டம் அனுமதிக்கிறது. எந்தப் பக்கம் வழக்குப் போட்டாலும் மேல்முறையீடு போய்ச் சேருவது ஒரே சென்னை உயர் நீதிமன்றம். கால்கயோவில் வடக்குப் போலீஸ் தெற்கே துரத்தினால் அது கைது முயற்சியாகப் பார்க்கப்படாது, படையெடுப்பாகப் பார்க்கப்படும். அதனால் துரத்த மாட்டார்கள். பதிலாகப் பெரியவர்கள் உட்காருவார்கள். ‘ஹேர்’ எனப்படும் மரபுச் சட்டப்படி கொலைக்கு ‘மக்’ என்ற இழப்பீடு. ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50. பெரும்பாலும் அதைப் பணமாக மாற்றிக் கணக்கிடுவார்கள். கொன்றவன் தனியாகக் கட்டுவதில்லை, அவனோடு மக் பங்கிடும் உறவுக்கூட்டம் முழுவதும் தலைக்கு இவ்வளவு என்று கட்டும். கட்டத் தவறினால் கொன்றவனைத் தேடிப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை, அவன் குலத்தில் கைக்கு அகப்பட்டவரைச் சுடலாம் என்ற பழிக்கணக்கு தொடங்கும். பழிக்கு மதிப்பு வேண்டுமென்று டாக்டர், ஆசிரியர் போன்ற பெரிய ஆளாகப் பார்த்துக் குறிவைப்பதும் உண்டு.

இந்த இடத்தில் சீருடை உதவாது. பணியில் இருக்கும் போலீஸ்காரர் சுட்டாலும் செத்தவன் வீட்டார் அரசாங்கத்தைக் கேட்பதில்லை, அவர் எந்தக் குலம் என்று கேட்கிறார்கள். ஆகவே புத்திசாலியான போலீஸ்காரர் மற்ற குலத்தவனை நோக்கித் துப்பாக்கியைத் தூக்க யோசிப்பார். வெளியாட்கள் இதைச் சோம்பல் என்றும் லஞ்சம் என்றும் எழுதுகிறார்கள். தன் தம்பி மகன் ஒரு மாதம் கழித்துச் சந்தையில் சுடப்படக் கூடாதே என்ற கவலையும் அதில் பாதி.

கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் பிடிக்க முடியாது என்ற நிலைமை நமக்கும் ஒருகாலத்தில் இருந்ததுதான். 1908இல் பாரதி பிரெஞ்சுப் புதுச்சேரிக்குள் வந்துவிட, பிரிட்டிஷ் போலீஸ் பத்து வருடம் ஒற்றர்களை வைத்துக் காத்துக் கிடந்தது. 1918 நவம்பர் 20 அன்று அவர் எல்லையைத் தாண்டியதும் கைதுசெய்து கடலூரில் அடைத்தார்கள். அந்தக் கோட்டின் பல்லைப் பிடுங்கியது 1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பு, 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். கோடு அழியவில்லை. மேலே ஒரு பொது நடுவர் வந்தார்.

கால்கயோவுக்கு அப்படி ஒரு நடுவர் பெயரளவில் உண்டு, மொகதீஷுவில் இருக்கும் மத்திய அரசு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அன்றைய பிரதமர் ஓமர் அப்திரஷீத் வந்து போர்நிறுத்தம் பேசி முடித்தார். ஒரு வருடம்கூட நிற்கவில்லை. 2016 நவம்பரில் புண்ட்லாந்துத் தலைவர் அப்திவெலி காசும் கல்முதுக் தலைவர் அப்திகரீம் குலேதும் அடுத்த போர்நிறுத்தத்துக்கு அபுதாபி வரை போக வேண்டியிருந்தது. 2024 மார்ச் 31 அன்று, அரசியல் சட்டத் திருத்தங்களை ஏற்க முடியாது என்று புண்ட்லாந்து மத்திய அமைப்பிலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது. ஆட்டக்காரரில் ஒருவர் நடுவரை ஏற்பதில்லை என்று சொன்ன பிறகு விசிலுக்கு என்ன மதிப்பு?

போட்டி நிர்வாகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016 செப்டம்பர் 28 ஒரு கொடுமையான சாட்சி. அன்று கால்கயோ அருகே அமெரிக்க விமானத் தாக்குதலில் செத்தவர்கள் அல்-ஷபாப் என்ற தீவிரவாத இயக்கத்தின் ஆட்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. செத்தவர்கள் தங்கள் படையினர், புண்ட்லாந்து பொய்த் தகவல் கொடுத்துக் குண்டு போடவைத்தது என்று கல்முதுக் கொதித்தது. செத்தவர்கள் அல்-ஷபாப் அல்ல, உள்ளூர்ப் படையினர் என்று அமெரிக்கா பிறகு ஒப்புக்கொண்டது. தகவல் எப்படித் திரிந்தது என்பதில் இரு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. சந்தைச் சண்டை வெடித்தது அதற்கடுத்த வாரம்.

அல்-ஷபாபுக்கு இந்தப் பிளவு பெரிய வசதி. வடக்கில் தேடப்படுகிறவன் தெற்கில் தங்கலாம், தெற்கின் தகவல் வடக்குக்குப் போகாது. 2016 ஆகஸ்டில் வடக்கில் நகராட்சி அலுவலகத்தில் இரட்டைக் குண்டு. 2020 மே மாதம் புண்ட்லாந்தின் முதுக் ஆளுநரைத் தற்கொலைத் தாக்குதலில் கொன்றார்கள். அதே 2020 டிசம்பர் 18 அன்று, பிரதமர் வருவதாக இருந்த தெற்குப் பக்கத்து விளையாட்டரங்க வாசலில் குண்டு வெடித்தது, ராணுவ அதிகாரிகள் செத்தார்கள். சாலையிலோ இன்னொரு கேவலம். அல்-ஷபாப் தன் சாவடியில் ஒருமுறை வரி வாங்கினால் ரசீது கொடுக்கும், அதைக் காட்டினால் அடுத்த சாவடியில் விட்டுவிடும். அரசுப் படை, குலப்படை வைத்திருக்கும் ‘இஸ்பாரோ’ எனப்படும் சாவடிகளில் ஒவ்வொன்றிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும், ரசீது கிடையாது. லாரிக்காரர் யாரை நம்புவார் சொல்லுங்கள்? அந்தக் குலப்படைகளில் ஒருவகைக்குப் பெயர் மக்காவிஸ்லி. மக்காவிஸ் என்றால் கைலி. ‘கைலி கட்டியவர்கள்’ என்றே பெயர். 2022இல் மத்திய சோமாலியாவில் ராணுவத்தோடு சேர்ந்து அல்-ஷபாபை விரட்டியவர்கள் இந்தக் கைலிக்காரர்கள்.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்றால், எல்லாமே இரண்டு. எம்எஸ்எஃப் மருத்துவ அமைப்பு கால்கயோவில் வடக்கே ஓர் ஆஸ்பத்திரி, தெற்கே ஓர் ஆஸ்பத்திரி என்று 2013 ஆகஸ்டில் நாட்டை விட்டு வெளியேறும் வரை இரண்டாக நடத்தியது. காயம்பட்டவர் கோட்டைத் தாண்டி எதிர்க் குலத்து வார்டில் படுக்கப் பயப்படுவார். காவலுக்கு வரும் உறவினரும் துப்பாக்கியோடு வருவார், அதை வாசலில் வாங்கி வைப்பதே தனி வேலை. கடலூரில் விபத்து என்றால் கோரிமேடு ஜிப்மருக்கு விரைகிறோமே, வழியில் எத்தனை எல்லை என்று யாரும் எண்ணுவதில்லை.

போனும் இரண்டு. வடக்கில் கோலிஸ், தெற்கில் ஹோர்முத். தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்ளேயே புதுச்சேரியும் இருப்பதால் நமக்கு இது உறைக்காது. அங்கே வியாபாரம் செய்கிறவர் இரண்டு சிம் வைத்திருப்பார், ஏனென்றால் சிம்தான் மணிபர்ஸ். கோலிஸின் ‘சஹல்’, ஹோர்முதின் ‘ஈவிசி பிளஸ்’ இரண்டுமே டாலரில் ஓடும் கைபேசிப் பணம். ஷில்லிங் நோட்டின் கதி பரிதாபம். 1991க்குப் பின் பல தரப்பும் தங்கள் இஷ்டத்துக்கு அச்சடித்ததில், புழக்கத்தில் இருப்பதில் சுமார் 98 சதவீதம் கள்ளநோட்டு என்று ஐஎம்எஃப் கணக்கிட்டது. கள்ளநோட்டு என்று தெரிந்தே வாங்கினார்கள், சில்லறைக்கு வேறு வழி இருக்கவில்லை. பள்ளித் தேர்வும் பிரிந்துதான் கிடக்கிறது. புண்ட்லாந்து தனியாக நடத்தும், கல்முதுக் பிள்ளைகள் மத்திய அரசின் தேர்வு எழுதுவார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபோது இங்கே பெற்றோர் புலம்பினார்கள். அங்கே ஒரே தெருவின் இரண்டு முனையில் இரண்டு சான்றிதழ்.

வடக்கே இருக்கும் லாஸ் அனோத் என்ற ஊரின் கதை வேறு மாதிரி. அங்கே கோடு ஊருக்கு நடுவில் இல்லை, ஊரே கைமாறியது. 2007 அக்டோபரில் அதைப் புண்ட்லாந்திடமிருந்து, தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் சோமாலிலாந்து எடுத்துக்கொண்டது. அங்கே வாழும் துல்பஹந்தே குலத்தார் பெரும்பாலும் இதை ஏற்கவில்லை. வருடக்கணக்காக ஊர்ப் பிரமுகர்கள் ஒவ்வொருவராக மர்மமாகச் சுடப்பட்டார்கள், எவரும் பிடிபடுவதில்லை. 2022 டிசம்பர் கடைசியில் ஓர் அரசியல் பிரமுகர் கொல்லப்பட்டதும் ஊர் கொதித்தது. சோமாலிலாந்துப் படை ஊருக்கு வெளியே விலகிக்கொண்டது. 2023 பிப்ரவரி 6 அன்று முழுப் போர். பொது ஆஸ்பத்திரி மீதே குண்டுகள் விழுந்தன, எம்எஸ்எஃப் ஜூலையில் வெளியேறியது. எத்தியோப்பியாவுக்குள் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் ஓடினார்கள். ஆகஸ்ட் 25 அன்று சோமாலிலாந்துப் படையின் கோஜஅதே முகாம் வீழ்ந்தது. அக்டோபரில் அந்தப் பகுதியின் எஸ்எஸ்சி-கதூமோ நிர்வாகத்தை மத்திய அரசு அங்கீகரித்தது, 2025இல் அது வடகிழக்கு மாநிலம் என்று பெயர் மாறியது. சோமாலிலாந்து இன்னும் அந்த மண்ணை விட்டுக்கொடுக்கவில்லை.

கால்கயோவில் ஓரளவு வேலை செய்த மருந்து ஒன்று உண்டு. 2016க்குப் பிறகு இரு தரப்புப் போலீசும் சேர்ந்த கூட்டுப் பிரிவு ஒன்றை அமைத்தார்கள். இது நிற்க வேண்டுமானால் வரிசை முக்கியம். டெக்னிக்கல் வண்டிகள் முதலில் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும், ஏனென்றால் கனரக ஆயுதம் ஊருக்குள் இருந்தால் ஒரு டீக்கடைத் தகராறு பீரங்கிச் சண்டையாகும். பிறகு பெரியவர்கள் பாக்கியுள்ள மக் கணக்கை முடிக்க வேண்டும். அது முடியாமல் ரோந்து தொடங்கினால் ரோந்து வண்டிக்குள்ளேயே பழி உட்கார்ந்திருக்கும். அதன் பிறகுதான் ஒரே வண்டியில் இரு பக்கத்துக் காவலரும். தெற்கத்தியானைத் தெற்கத்திக் காவலரே பிடிப்பார், வடக்கத்திக் காவலர் பக்கத்தில் சாட்சியாக நிற்பார். கைது செய்தவரும் கைதானவரும் ஒரே குலம் என்றால் பழிக்கணக்கு எழாது. இடறுவது பெரும்பாலும் சம்பளத்தில். ஒரு தரப்புக்கு மாதச் சம்பளம் வந்து மறு தரப்புக்கு வராவிட்டால் வராதவர் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போய்விடுவார், அல்லது இஸ்பாரோ போட்டுவிடுவார்.

கடலோரக்காரர்களான நமக்கு இந்த ஊர் தூரத்து ஊர் இல்லை. கொள்ளையர் பிடித்த கப்பல்களை நிறுத்திவைத்த ஹோபியோ, ஹராதேரே கடற்கரை, எந்த நிர்வாகத்தின் கையும் எட்டாத இடைவெளியாக இருந்தது. 2010இல் பிடிபட்ட ஆஸ்ஃபால்ட் வென்ச்சர் கப்பலுக்குப் பணம் கட்டிய பிறகும் இந்திய மாலுமிகள் ஏழு பேரை விடாமல் 2014 அக்டோபர் வரை வைத்திருந்தார்கள். நஹாம் 3 மீன்பிடிக் கப்பலின் 26 பேர் நாலரை வருடச் சிறைக்குப் பின் 2016 அக்டோபரில் வெளியே வந்தது கால்கயோ வழியாக. சந்தைச் சண்டை நடந்த அதே மாதம்.

அடுத்து பார்க்க வேண்டியதும் கடற்கரையைத்தான். புண்ட்லாந்துப் பக்கம் கரஆத் துறைமுகம் 2022இல் திறந்தாயிற்று, உள்ளூர் முதலீட்டாளர்களே பணம் போட்டது. கல்முதுக் பக்கம் ஹோபியோவில் துறைமுகம் கட்ட வேண்டும் என்ற பேச்சு நீண்டகாலமாக நடக்கிறது. இரண்டுக்கும் சரக்குச் சந்தை ஒன்றே, கால்கயோவும் அதற்கு அப்பால் எத்தியோப்பிய எல்லைவரை உள்ள மேய்ச்சல் நாடும். கரஆத் சாலை வடக்குப் பாதியில் வந்து சேரும், ஹோபியோ சாலை தெற்குப் பாதியில். லாரிகள் எந்தப் பக்கம் நிற்கத் தொடங்குகின்றனவோ அந்தப் பக்கம் கிடங்கு வரும், எடைமேடை வரும், வரி ஆள் நாற்காலி போட்டு உட்காருவார். மறு பக்கம் அதை எண்ணிக்கொண்டிருக்கும்.